சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்

மணிமாறனுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. எப்படிப் போயிற்று என்று யாராவது கேட்டால் அவன் மறைப்பதில்லை. "நானே வயர் போடச் சொல்லி வாங்கிக்கிட்டது" என்பான்.

புல் வெட்டும் ட்ராக்டர் ஓட்டியவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன ட்ராக்டரின் வயிற்றுக்கு அடியில் பிளேடு சுற்றும். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஓட்டுகிற ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ அது இன்ஜினை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வளைகுடா வெயிலில் கறுப்பு சீட் தோசைக்கல்லாகக் காயும். ஓட்டுகிறவன் சூடு பொறுக்காமல் பின்பக்கத்தைத் தூக்குவான், இன்ஜின் நின்றுபோகும். கொதிக்கிற பழைய இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகாது. அதனால் சுவிட்சுக்கு வரும் இரண்டு வயர்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் சீட்டில் ஆள் எப்போதும் உட்கார்ந்திருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும். இந்த ஊர்களில் எல்லோரும் செய்கிற வேலை இது.

மணிமாறன் துபாயில் டிரைவராக இருந்தபோது அவனும் கேட்டு வாங்கிக்கொண்டான். ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தபோது வண்டி நிற்கவில்லை. ஆள் இல்லாமலே திரும்பி, அவன் காலின்மேல் வந்தது.

காயம் ஆறிய பிறகு சொந்த ஊரான அறந்தாங்கிக்குத் திரும்பாமல் ஓமானில் இருக்கும் சோஹாருக்குப் போனான். அங்கே ஒரு தோட்டக் காண்ட்ராக்ட் கம்பெனியின் ஷெட்டில் ஹெல்பராகச் சேர்ந்தான். பிரித்துப் பார்த்து, மாட்டத் தெரியாமல் விழித்து, மறுபடி பிரித்து, ஃபிட்டர் ஆனான். ஷெட்டுக்குப் பின்னால் கழித்துப் போட்ட வண்டிகள் கிடந்தன. எல்லாமே வெளிநாடுகளில் ஓடித் தேய்ந்து, கண்டெய்னரில் வந்தவை. ஒன்றில் இன்ஜின் நன்றாக இருந்தது, கியர்பாக்ஸ் இல்லை. இன்னொன்றில் கியர்பாக்ஸ் இருந்தது, இன்ஜினில் மணல் ஏறி பிஸ்டன் கீறிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்பில் எல்லோரும் பிரியாணி முடித்துத் தூங்கும்போது அவன் அங்கே கிடந்தான். இன்ஜினில் சின்ன புல்லி போட்டு வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டினான். மணலில் புதையாத அகல டயர் மாட்டினான். உடைந்த தண்ணீர்த் தொட்டியை அறுத்து மேலே கூரை வைத்தான். பானட் பச்சை, மட்கார்டு சிவப்பு, ஸ்டியரிங் வேறு ஏதோ வண்டியுடையது. பையன்கள் அதற்குக் 'கதம்பம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கதம்பம் கால்பந்து மைதானத்தையே அலுங்காமல் வெட்டியது. அதன் சீட் சுவிட்சும் ஒழுங்காக வேலை செய்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு நல்ல பெயர்தான். ஷெட்டில் இருந்த மற்ற வண்டிகளிலிருந்தும் துண்டு வயர்களைப் பிடுங்கிப் போட்டான். எல்லோருக்கும் கோபம் வந்தது. வேலை இழுத்தது. மேட்ச் நெருங்கும் நேரத்தில் மைதானத்தில் பாதி புல் அப்படியே நின்றது. சூப்பர்வைசர் அப்துல் ஹாதி, கீழக்கரைக்காரர், ஷெட்டுக்கே வந்து வயர்களைத் திரும்பப் போடச் சொன்னார்.

"கார்புரேட்டரக் கழுவச் சொல்லுங்க, பெல்ட்ட மாத்தச் சொல்லுங்க பாய். வயர் மட்டும் போட மாட்டேன்."

"நீ ஃபிட்டரா, இல்ல இந்தக் கம்பெனிக்கு மொதலாளி அர்பாபா?"

"அர்பாபுக்குப் பத்து விரலும் இருக்கும். எனக்கு இல்ல."

காண்ட்ராக்ட் முடியப் போகிறது என்பதை ஹாதி நினைவூட்டினார். தான் ஒரு வார்த்தை சொன்னால்தான் புதுப்பிப்பார்கள் என்றும் சொன்னார். மணிமாறனுக்கு அது தெரியாதா என்ன? அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

ஆனால் டிரைவர் மகேசன் சொன்னதுதான் அவனைக் குத்தியது. மகேசன் இலங்கை ஹட்டன் பக்கத்து ஆள், அதிகம் பேசாதவன்.

"ஒங்களுக்கு என்னாண்ணே, நெழல்ல வேல. வெந்து போறது நாங்கதானே?"

அதில் உண்மை இருந்தது. மணிமாறன் கதம்பத்தின் சாவியை அவனிடமிருந்து வாங்கினான். ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கி, மடித்து, சீட்டில் போட்டு உட்கார்ந்து கதம்பத்தை மைதானத்துக்கு விட்டான். வெயில் சாய்ந்ததும் கூரை உதவவில்லை. சாக்கு காய்ந்தது, மறுபடி நனைத்தான். தன்னையறியாமல் எழும்பியபோதெல்லாம் இன்ஜின் நின்றது. திட்டிக்கொண்டே, அது சூடு தணியக் காத்திருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தான். சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொன்னபோது கடைசிப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்தான்.

ஓரத்தில் நின்ற மகேசன் அவன் செய்தது சரி என்று சொல்லவில்லை. "அந்தச் சாக்கக் குடுங்க. நாளைக்கு நான் ஓட்டிக்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில் ஹாதி வந்து மைதானத்தைப் பார்த்தார். புல் அழகாக இருந்தது. ஆனால் ஒரு மைதானத்துக்கு ஒரு நாள் முழுக்க என்றால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்றார். அவரைக் கேள்வி கேட்கவும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"மணிமாறா, கடைசியாக் கேக்குறேன்."

"நானும் கடைசியாச் சொல்றேன் பாய். மாட்டேன்."

"அப்ப கலாஸ், முடிஞ்சுது."

காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. முன்பு மாதிரி இல்லை, இப்போது காண்ட்ராக்ட் முடிந்தால் கம்பெனியின் சம்மதக் கடிதம் இல்லாமலே ஓமானில் வேறு வேலைக்கு மாறலாம். மணிமாறன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பட்டறைகள் இருக்கும் சனையா பக்கம் போனான். அங்கே தொண்டிக்காரர் கௌஸ் முகம்மது பழைய இன்ஜின்களும் வண்டிகளும் விற்கும் கடையில் சேர்ந்தான். கதம்பம் கம்பெனியின் இரும்பு. அது அங்கேயே நின்றது. ஒரு வாரத்தில் மகேசன் போன் செய்தான். எல்லா வண்டிக்கும் வயர் போட்டுவிட்டார்களாம், கதம்பத்துக்கும்தான்.

"நீ ஏறுறியா?"

"இல்லண்ணே. கையால தள்ளுற மெஷின் கேட்டு வாங்கிட்டேன். ரூம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்."

புதுக் கடையில் மணிமாறன் முதலில் செய்த வேலை, விற்பனைக்கு நின்ற எல்லாப் புல் ட்ராக்டர்களின் சீட்டையும் கழற்றியதுதான். வயர்களை வெட்டினான். சுவிட்ச் இல்லாதவற்றுக்கு வேறு பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டினான். பேரீச்சைத் தோட்டத்துக்கு வண்டி வாங்க வந்த ஒருவர் ஓட்டிப் பார்த்தார். எழுந்ததும் இன்ஜின் நின்றது. வயர் போட்டுக் கொடு, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்று இந்தியில் கேட்டார். மணிமாறன் இந்தியிலேயே முடியாது என்றான். அவர் எதிர்க்கடைக்கு நடந்தார்.

கௌஸ் முகம்மது கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "வர்றவனெல்லாம் அதத்தான் கேப்பான் மாறா. எத்தன பேத்தத் தொரத்துவே?"

"கேக்குறவங்கள எல்லாத்தையுந்தான்."

"அப்ப நீ என் யாவாரத்தக் கெடுக்க வந்தவன்."

"ஆமா பாய்" என்றான் மணிமாறன், அடுத்த வண்டியின் சீட்டைக் கழற்றிக்கொண்டே.