டில்பரி தனியாகப் பிரிந்த வருஷம்

வெர்லீன் கோபர்னைத் தெரியாதவர்கள் அந்த மலைப்பக்கத்து ஐந்து ஊர்களிலும் கிடையாது. பனிக்காலத்தில் யாருடைய வண்டியாவது சறுக்கிப் பள்ளத்தில் இறங்கினால், முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்ததாக வெர்லீனை. பெரும்பாலும் வெர்லீன்தான் முதலில் வந்து சேருவாள்.

டில்பரி ஊரின் நடுவில் அவள் அப்பா வைத்திருந்த பட்டறை அவளுடையதாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அதோடு வந்தது வண்டிகளை இழுக்கும் பெரிய லாரியும், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கேட்கிற குரலும். இரும்புக் கயிறு இறுகும் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. சர்ச்சில் அவள் மெதுவாகப் பாடினால்கூட முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கூடவே ஒரு கெட்ட பழக்கம்: கோபம் வந்தால் வாயிலிருந்து வருவதை அவளால் நிறுத்த முடியாது. அவளுடைய கணவன் டுவைட் அதற்கு நேர்மாறு. மேப்பிள் மரத்தில் குழாய் அடித்துப் பாகு காய்ச்சுகிறவன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடச் சண்டையில் இறங்கியதற்குக் காரணம் ஜனவரி மாதத்து ஒரு காலைநேரம்.

டில்பரியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு அரசாங்கம் சொன்னதால் ஐந்து ஊர்ப் பள்ளிகளும் ஒரே வட்டாரமாகச் சேர்ந்தன. சேர்ந்த கையோடு, டில்பரியின் பெரிய பிள்ளைகள் மலைக்கணவாய் தாண்டி மார்ஷ்ஃபோர்ட் போய்ப் படிக்க வேண்டும் என்றானது. சின்னப் பிள்ளைகள் மட்டும் ஊரிலேயே இருந்தார்கள். அந்தக் காலையில் கணவாய்ச் சாலையில் பள்ளிப் பேருந்து பனியில் வழுக்கி, வாய்க்காலில் ஒருக்களித்து நின்றுவிட்டது. வெர்லீன் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் சாய்ந்த இருக்கைகளில் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஒவ்வொருவராக இறக்கித் தன் லாரியின் சூட்டில் உட்காரவைத்தாள். டெசா என்ற ஒரு சிறுமி மட்டும் விடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“எங்கேயாவது வலிக்குதாம்மா?”

“இல்ல. இன்னைக்கும் லேட்டுன்னு போட்டுருவாங்க. இந்த மாசம் நிறைய லேட் ஆயிருச்சு.”

பேருந்தை மேலே இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்த வெர்லீன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. டுவைட் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான்: “என்னாச்சு?”

“கொழந்த வாய்க்கால்ல விழுந்து கெடக்கா. பயப்படறது வாய்க்காலுக்கு இல்ல, வருகைப் பதிவேட்டுக்கு.”

அந்த வாரமே வட்டார நிர்வாகக் குழு அறிவித்தது: அடுத்த வருஷக் கோடையோடு டில்பரி பள்ளியை மூடுகிறோம், சின்னப் பிள்ளைகளும் இனிமேல் மார்ஷ்ஃபோர்ட்டுக்கே வரட்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் அதே கணவாயைத் தாண்ட வேண்டும்.

மறுநாள் பள்ளியின் தலைமை ஆசிரியை ஆனிக் பெலாஞ்சே பட்டறைக்கு வந்தாள். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. சும்மா நின்றாள்.

“நான் அவங்ககிட்ட சம்பளம் வாங்கறவ, வெர்லீன். நான் வாயத் தொறக்க முடியாது. நீ தொறக்கலாம்.”

“நான் வாயத் தொறந்தா என்ன வரும்னு உனக்குத் தெரியாதா, டீச்சர்?”

“தெரியும். அதான் கொஞ்சம் பயமாவும் இருக்கு.”

பயந்தபடியேதான் நடந்தது. மார்ஷ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி அரங்கில் மக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. குழுத் தலைவர் ராய்ஸ் ஹாட்லாக் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், குரல் உயராத மனிதர். பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதையும், இத்தனை கட்டடங்களைத் தாங்க முடியாததையும் திரையில் படம் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை; வெர்லீனுக்கே அது புரிந்தது. எழுந்து நின்று, மலைச்சாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்:

“உனக்கு என்ன பிள்ளையா குட்டியா? இதுல நீ எதுக்கு?”

பிறகு வெர்லீன் சொன்னதை எந்தப் பத்திரிகையும் அப்படியே அச்சிடவில்லை. அவனுடைய பிறப்பு, அவனுடைய வண்டி, அதை அவன் ஓட்டுகிற விதம், கடைசியாகக் குழுவில் இருந்த எல்லோருடைய முதுகெலும்பு என்று வரிசையாகப் போனது. ஹாட்லாக் மேசையைத் தட்டி அவளை வெளியே அனுப்பினார். மறுநாள் பத்திரிகையில் டில்பரியின் கோரிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் கையை நீட்டிக் கத்துகிற படம் மட்டும் பெரிதாக வந்திருந்தது.

ஊரே தலையைத் தொங்கப்போட்டது. கடையில் பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது. வெர்லீன் இரண்டு நாள் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. “அவன் கேட்டது நெசந்தானே, டுவைட்? எனக்கென்ன இதுல?”

டுவைட் அன்று தன் பங்கு வார்த்தைகளையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்தான். “நம்மகிட்ட இந்த ஊரு இருக்கு. அதுல பிள்ளைங்க இருக்கணும். அதுக்கு நம்ம பிள்ளைங்களாத்தான் இருக்கணுமா? போய் மூஞ்சியக் கழுவு.”

அவள் கழுவினாள். அந்த வாரமே ஒரு மனுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாக நடந்தாள். வட்டாரத்திலிருந்து டில்பரி விலக வேண்டும், தன் பள்ளியைத் தானே நடத்த வேண்டும் என்பதே மனு. பனியில் புதைந்த வீடுகள், பண்ணைகள், மலையுச்சியில் நாய்களோடு தனியாக வாழும் ஆள்கள் என்று எதையும் விடவில்லை. சிலர் வாசலிலேயே கேட்டார்கள்: “வரி ஏறுமா, வெர்லீன்?”

“ஏறும். ஏறாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கு எந்தக் குடும்பம் குடிவரும்? அப்பறம் வரி கட்டறதுக்கே ஆளிருக்காது.”

டில்பரி அந்த இலையுதிர் காலத்தில் வாக்களித்தது. எதிர்த்தவர்களை ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்துவிடலாம், அவ்வளவு குறைவு. ஊர் கொண்டாட ஆரம்பிக்கும்போதே ஆனிக் டீச்சர் நிறுத்தினாள். சட்டம் அத்தோடு விடவில்லை. விலகுகிற ஊர் மட்டும் சரியென்றால் போதாது. வட்டாரத்தின் மற்ற நான்கு ஊர்களும் தனித்தனியாக வாக்களித்து விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே ஊர் மறுத்தாலும் எல்லாம் வீண்.

மூன்று சின்ன ஊர்களைப் பற்றிக் கவலையில்லை. அடுத்து மூடப்போவது தங்கள் பள்ளிதான் என்று அவர்களுக்கும் தெரியும். மிச்சமிருந்தது மார்ஷ்ஃபோர்ட். பெரிய ஊர். அவள் கத்திய ஊர்.

மார்ச் மாதம் முதல் செவ்வாய், ஊரார் கூடி முடிவெடுக்கும் ஊர்க்கூட்ட நாள்; அன்றே நான்கு ஊரிலும் வாக்கு. அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க வெர்லீன் மார்ஷ்ஃபோர்ட்டிலேயே கிடந்தாள். மாட்டுத்தீவனக் கடை வாசலில், தபால் நிலையப் படியில், குப்பை கொட்டுமிடத்தில் சனிக்கிழமை காலைகளில் நின்றாள். யாரைப் பார்த்தாலும் முதலில் சொல்வது ஒன்றே:

“அன்னைக்குக் கத்துனது நான்தான். என் வாய்தான் கெட்டது, பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம். ஒரு தடவ வந்து பாத்துட்டு அப்பறம் வேணாம்னு சொல்லுங்க.”

தீவனக் கடையில் கஸ் ரெமிலார்ட் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீதானே போன வருஷம் என் பால் வண்டியச் சேத்துலேருந்து தூக்குனவ?”

“நான்தான்.”

“அன்னைக்கும் கெட்ட வார்த்ததான் பேசுன.”

“வண்டிகிட்டத்தான் பேசுனேன். உங்ககிட்ட இல்ல.”

கஸ் சிரித்துவிட்டார். “எந்தச் சனிக்கிழமை வரணும், சொல்லு.”

டில்பரி பள்ளியில் பிப்ரவரியில் கோழிக்கறி விருந்து வைத்தார்கள். பெரிய தட்டுகளில் மாவால் மூடிச் சுட்ட கோழிக்கறி, பூசணிக் கூழ், டுவைட்டின் மேப்பிள் பாகு ஊற்றிய பன் என்று ஊரே சமைத்தது. யார் வருவார்களோ என்று நினைத்திருந்தார்கள். மார்ஷ்ஃபோர்ட் வண்டிகள் சாலையோரம் சர்ச் வரைக்கும் நின்றன. கஸ் தன் அக்காள் தங்கைகளையெல்லாம் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகளே தட்டு எடுத்துக் கொடுத்தார்கள், வந்தவர்களின் கையைப் பிடித்து வகுப்பறைகளைக் காட்டினார்கள். வெர்லீன் பேசவே இல்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றாள். பேசினால் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்.

வாக்கு நாளன்று விடிவதற்கு முன்பே பனி கொட்ட ஆரம்பித்தது. காலை முழுக்க வெர்லீனின் லாரி நிற்கவில்லை. வாக்களிக்கப் போகிறவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்திலிருந்து இழுத்தாள். ஆமென்று போடுவாரா இல்லையென்று போடுவாரா என்று யாரிடமும் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் கணவாயின் மார்ஷ்ஃபோர்ட் பக்கத்தில் நீல நிறக் கார் ஒன்று மூக்கு குப்புற விழுந்து கிடந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர் ராய்ஸ் ஹாட்லாக்.

வெர்லீன் குனிந்து காருக்குள் பார்த்தாள்.

“அடி ஒண்ணும் இல்லியே, டாக்டர்?”

“இல்லை. நான் மாமியாரப் பாத்துட்டுத் திரும்பிட்டிருந்தேன். ஓட்டுப் போட நேரமாயிருச்சு.” சற்றுத் தயங்கினார். “நான் வேண்டாம்னுதான் போடப்போறேன், மிஸஸ் கோபர்ன். முன்னாடியே சொல்லிடறேன். ஏமாத்தின மாதிரி இருக்கக் கூடாது.”

அவளுக்கு வாய் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டாள். “காரத் தூக்க நேரமாகும். நீங்க என் லாரில ஏறுங்க. மொதல்ல ஓட்டு, அப்பறம் காரு.”

போகிற வழியில் ஹாட்லாக் கேட்டார்: “நீங்க எனக்காக இவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லையே. ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா ஓட்டுச்சாவடி மூடியிருக்கும்.”

“அப்படி ஜெயிச்சா நாளைக்கு இந்த ரோட்டுல உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் அரங்கின் வாசலில் இறங்கும்போது, தொப்பியைக் கழற்றி, “நீங்க அன்னைக்குக் கத்தினப்போ ரோட்டப் பத்திச் சொன்னதையும் நான் கேட்டேன். அதையும் சொல்லணும்ல” என்றார். உள்ளே போனார். வேண்டாம் என்றே போட்டார். பின்னாளில் அதை அவர் மறைக்கவும் இல்லை.

மூன்று சின்ன ஊர்களும் விட்டுக்கொடுத்துவிட்டன என்ற செய்தி சாயங்காலம் வந்தது. மார்ஷ்ஃபோர்ட் முடிவு வரும்போது வெர்லீன் ஹாட்லாக்கின் அதே நீலக் காரை இழுத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் ஆனிக் டீச்சரின் குரல் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வந்தது.

“விட்டுட்டாங்க, வெர்லீன்! மார்ஷ்ஃபோர்ட் நம்மள விட்டுருச்சு! நூல் இழையில! கஸ்ஸோட சொந்தக்காரங்க மட்டும் வரலன்னா தோத்திருப்போம்!”

வெர்லீன் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து கத்தினாள். அந்தக் கத்தல் கணவாயின் இரண்டு பக்கமும் கேட்டதாகச் சொல்கிறார்கள். காரை மேலே ஏற்றி ஓரமாக நிறுத்தினாள்; லாரியின் மஞ்சள் விளக்குகளைச் சுழலவிட்டு, ஹார்னை அழுத்தியபடியே டில்பரிக்குள் நுழைந்தாள். சாலையின் இருபுறமும் வீடுகளிலிருந்து ஜனங்கள் பூட்ஸ்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடி வந்தார்கள். டெசாவும் இன்னும் சில பிள்ளைகளும் லாரிக்குப் பின்னாலேயே பள்ளி வரைக்கும் ஓடினார்கள். அங்கே டுவைட் நின்றுகொண்டிருந்தான். அவள் இறங்கியதும் அவளை ஒரு சுற்றுத் தூக்கிச் சுழற்றினான், ஊரே பார்க்க. அப்படி அவன் தன் கல்யாணத்தன்றுகூடச் செய்ததில்லை.

புதிய ஊர்ப் பள்ளிக் குழுவுக்கு வெர்லீனைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை எளிதாக இல்லை. கூரை ஒழுகியது, இசை ஆசிரியர் கிடைக்க வெகு நாளானது, வரியும் அவள் சொன்னபடியே ஏறியது. பெரிய பிள்ளைகளுக்கு மலையின் இந்தப் பக்கத்திலேயே, கணவாய் தாண்டாமல் போகக்கூடிய ஒரு பள்ளியோடு ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கோடையில் இரண்டு குடும்பங்கள் டில்பரிக்குப் புதிதாகக் குடிவந்தன. பள்ளி மூடாது என்று தெரிந்ததால் வந்தோம் என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார்.

செப்டம்பரில் பள்ளி திறந்த காலை, வெர்லீன் எண்ணெய்க்கறை படிந்த உடையோடு வாசலில் நின்றாள். புது முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று அம்மாவின் கையை விட்டு, அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது: “நீங்கதான் டீச்சரா?”

“இல்லடா கண்ணா. நான் இந்த ஊர்க்காரி.”

பிள்ளை தலையாட்டிவிட்டு உள்ளே ஓடியது.