வகுப்புக்கு ஐந்தாவது ஆள்

மாமன் மகள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறாமை உண்டு. ஊர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த மூன்று வருஷம் மட்டும் அது அடங்கிக் கிடந்தது. ஒரே பெஞ்சு, ஒரே ரெக்கார்டு நோட்டு, மதியம் என் டப்பா பாதி, அவள் டப்பா பாதி. பொறாமைப்பட அதில் எதுவும் இல்லை.

எம்.எஸ்ஸி.யும் சேர்ந்தேதான் படிப்பது என்று பேசி வைத்திருந்தோம். சென்னையில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம். எங்களுக்கு முன்னால் படித்த அக்காக்கள் அங்கேதான் போனார்கள். கட்டணம் ஒரு பொருட்டாகவே இல்லை என்பார்கள். எங்கள் முறை வந்தபோது ஏற்றிவிட்டார்கள். படிப்புக்கு, பரீட்சைக்கு, ஆய்வகத்துக்கு, விடுதிக்கு என்று எதையும் விடவில்லை. பல்கலைக்கழகத்தில் சம்பளம் போடவே பணமில்லையாம், அதனால்தானாம்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. பள்ளிப்பட்டில் சொந்தமாக விசைத்தறி வைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்.

"பாவா, கவர்மென்ட்டுனு பேருதான் கீது. அங்க கட்டறதுக்கும் பிரைவேட்ல கட்டறதுக்கும் இன்னா பெரிய வித்தியாசம்? பிரைவேட்னா ஏசி பஸ்ஸு வந்து ஏத்திகினு போவுது. முடிச்சா வேலையும் வாங்கித் தராங்களாம்."

அப்பா மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு அந்த வித்தியாசம் பெரியதாகத்தான் இருந்தது. டீயைக் குடித்து முடித்தார்.

அவள் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் சேர்ந்தாள். நான் இயற்பியலுக்கே போனேன். அவர்களுடைய பஸ் பள்ளிப்பட்டு வரைக்கும் போகாது. அதனால் வாரநாட்களில் அவள் எங்கள் வீட்டில், என் அறையில் தங்கினாள். பொறாமை பக்கத்துப் பாயிலேயே வந்து படுத்துக்கொண்டது.

நான் இருட்டோடு எழுந்து மின்சார ரயிலுக்கு ஓடுவேன். அவள் போர்வைக்குள் சுருண்டிருப்பாள். அவளுடைய புது லேப்டாப் பையைத் தாண்டித்தான் கதவைத் திறக்க வேண்டும். விடுதிக்குக் கட்ட முடியாததால் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன். அரக்கோணம் தாண்டும்வரை உட்கார இடம் இருக்கும். பிறகு எந்தப் பாட்டியாவது கூடையோடு ஏறுவாள், எழுந்துவிடுவேன். சாயந்திரம் நான் புழுதியும் வியர்வையுமாக வீடு திரும்பும்போது அவள் குளித்துவிட்டு, அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டிருப்பாள்.

"எங்களுக்கு மூணு செக்சன்டி. கிளாஸ்ல இடமே பத்தல. உனக்கு எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது," என்பேன்.

எங்கள் வகுப்பில் நாலு பேர். நான், செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு பெண், இரண்டு பையன்கள். அறுபது பேர் உட்காரும் அறை அது. பேசினால் குரல் சுவரில் பட்டு நம்மிடமே திரும்பி வரும். நடைக்கூடத்தில் பழைய மாணவர்களின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பழைய போட்டோக்களில் மூன்று வரிசை, நான்கு வரிசை என்று ஆட்கள் நின்றார்கள். புதியவற்றில் எல்லோருக்கும் நாற்காலி கிடைத்திருந்தது. அந்த மூன்று வரிசைக்காரர்களைப் பார்த்தும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் துறைத்தலைவர் மேடம் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அஞ்சு பேராவது இருந்தாத்தான் வகுப்பு நடத்த விடுவாங்க. மாசக் கடைசிக்குள்ள இன்னொருத்தர் சேரலைன்னா உங்களை வேற துறைக்கு மாத்திடுவாங்க. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்கம்மா."

அவ்வளவு படித்தவர் எங்களிடம் ஆள் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய வகுப்புத் தோழிகளைத் தேடிப் போனேன். கனகம்மாசத்திரத்தில் ஒருத்தி மொபைல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். "ஃபீஸு எவ்ளோடி?" என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் போனுக்குக் கண்ணாடி ஒட்டத் திரும்பிவிட்டாள். கே.ஜி. கண்டிகையில் இன்னொருத்தி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு வருஷம் பிசிக்ஸ் படிச்சி இன்னா பண்ணப் போற? நீயும் பேசாம எங்கூட வந்து எழுது," என்றாள். மூன்றாமவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மிச்சம் இருந்தது என் அறையில் தூங்குகிற ஒருத்திதான்.

அவளை நான் உடனே கேட்கவில்லை. நாட்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வசதியில்லாத இடமாக இருந்தாலும் அவள் இல்லாத இடம் அது ஒன்றுதான். அங்கேயும் அவள் வந்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?

ஒரு சாயந்திரம் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள்.

"உங்க கிளாஸ்ல மெய்யாலுமே எத்தினி பேருடி?"

"நாலு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "லேபு?"

"மொத்த லேபும் எங்களுக்குத்தான். ஆளுக்கு ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். எவ்ளோ நேரம் வேணா வெச்சிக்கலாம்."

அவள் துணி கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "எங்களுக்குக் காலைலருந்து ஸ்கிரீனுதான். கண்ணு எரியுது. எனக்குப் புடிக்கவே இல்லடி. நைனா கைல சொல்ல பயமா கீது."

அப்போதுதான் சொன்னேன், ஒரு ஆள் குறைகிறது என்று. முடிவு செய்வதற்குள் வாயிலிருந்து அடுத்த வார்த்தையும் வந்துவிட்டது. "நீ வரியா?"

"ஆங்," என்றாள், மூச்சுவிடக்கூட நேரம் எடுக்காமல். "ஆனா நைனாவ நீதான் கேக்கணும்."

பள்ளிப்பட்டுக்கு இருவரும் பஸ் ஏறினோம். தறி ஓடுகிற சத்தத்தில் மாமாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. நயமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை எல்லாம் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. மாமா ஒரு தறியை நிறுத்தினார்.

"கட்டின ஃபீஸு திரும்பி வராதில்ல?"

"வராது மாமா."

மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போனா போவுது. கொயந்த ஆசப்படறா," என்று சொல்லித் தறியை மறுபடி ஓடவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்கப் போனதே நான்தான், கிடைத்ததும் நான் கேட்டதுதான். ஆனால் இதே படிப்புக்காக என் அப்பா பண்டிகை நாளில் சாப்பிடக்கூட வராமல் சவாரி ஓட்டினார். அவள் அப்பா 'போனா போவுது' என்றதோடு முடித்துவிட்டார். அவள் பக்கத்தில் வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கித் தின்றேன்.

அவள் சேர்ந்த அன்று மேடம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதாம்மா எங்க வகுப்பைக் காப்பாத்தின," என்றார். அழைத்துவந்த நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதன்பின் எல்லாமே அப்படித்தான். இருட்டறையில் சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு உண்மையில் இரண்டு கோடுகள், உன்னிப்பாகப் பார்த்தால் பிரிந்து தெரியும் என்றார்கள். அவள் கண்ணை வைத்ததும் "ரெண்டுடி!" என்று கூவினாள். எனக்கு வெகுநாள் ஒன்றுதான் தெரிந்தது. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். மேடம் வாசலை எட்டிப் பார்த்து, "அவ வரலையா? அப்ப இந்தப் பாடத்தை நாளைக்கு வெச்சுக்கலாம்," என்றார். அறையில் மற்ற நான்கு பேரும் இருந்தோம்.

ரயிலில் மட்டும் அவள்மேல் கோபப்பட முடியாது. எனக்கு இடம் பிடித்து வைப்பாள். புரியாத கணக்கை என் நோட்டிலேயே போட்டுக் காட்டுவாள். எனக்குப் புரிந்துவிட்டால் அவள் முகம்தான் முதலில் மலரும். அவளிடம் ஒரு குறையாவது இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

வகுப்பு இரண்டு வருஷமும் நடந்தது. அவள் முதலாவதாக வந்தாள், நான் இரண்டாவது. என் மதிப்பெண்ணுக்கு ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அம்மா மலைக்குப் போய் இரண்டு பேர் பேரிலும் அர்ச்சனை செய்தாள். அதிலும் அவள் பேரைத்தான் முதலில் சொன்னாள்.

அவள் இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பிடித்த வேலைதான், பிள்ளைகளும் என்னிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அவள் போனில் தன் ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லும்போது, உலை வைத்திருக்கிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுவேன்.

போன வாரம் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"நம்ம டிபார்ட்மென்ட்ல இந்த வருஷம் ஒருத்தரும் சேரலயாம்டி. ஃபர்ஸ்ட் இயரே இல்ல. மேடம் போன் பண்ணாங்க. அயுதுட்டாங்க."

அந்தப் பெரிய அறை என் கண்முன் வந்தது. துக்கம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கும் முன்னால் வேறொன்று சுருக்கென்று குத்தியது. மேடத்திடம் என் நம்பர் இருக்கிறது. ஆசிரியர் தினத்துக்கு நான் தவறாமல் செய்தி அனுப்புகிறேன். அவர் எனக்குக் கூப்பிடவில்லை.

"உனக்கும் பண்ணாங்களா?" என்று கேட்டாள்.

"ஆங்," என்றேன். "காலைலயே பண்ணாங்க."