குருத்தோலை ஞாயிறும் பங்களாப் பனையும்

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து கோயில் கிணற்றடியில் நின்றவர்கள் நாலே பேர். நான். என் மனைவி பிலோமினா. அவள் தம்பி சூசை — கட்டுமரக்காரன். எதிர்வீட்டு சவரிமுத்து — காலேஜில் தாவர சாஸ்திரம் படிப்பவன். நல்லவேளை, சாமியார் இல்லை. அதற்கே தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்!

இந்த வருஷம் எங்கள் தெருவுக்கு ஓலை கொண்டுவரும் முறை என்னுடையது. தென்னங்குருத்தை முன்னாலேயே வெட்டினால் வாடிவிடுமே என்று கவலைப்பட்டேன். சனிக்கிழமை வரை கவலைப்பட்டேன்... அதற்குள் மற்றத் தெருக்காரர்கள் தோப்பையே மொட்டையடித்துவிட்டார்கள்! கடைசியில் எண்ணூரில் ஒரு துரை வீட்டுத் தோட்டக்காரனைக் கெஞ்சி, அழகுக்கு வளர்த்த பங்களாப் பனை மட்டைகளை வண்டியில் ஏற்றி வந்தேன். சீப்புப் பல் மாதிரி பச்சைப்பசேல் இலை. தெருவே மெச்சியது.

சவரிமுத்து மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாண்ணே, இது பனையே இல்ல. சைக்கஸ்.”

“சாமியாரு தீர்த்தம் தெளிச்சப்போ அது ஒண்ணும் சொல்லலியே!” என்றாள் பிலோமினா.

அவன் கிணற்றையே கரும்பலகையாக்கிவிட்டான். தண்ணீரில் மிதக்கும் பாசிக்கு வேருமில்லை, தண்டுமில்லை — கோயிலுக்கு வெளியே நிற்கும் கூட்டம். சுவரில் வெல்வெட் மாதிரி ஒட்டிய சுவர்ப்பாசி ஒரு படி மேல். ஆனால் உடம்புக்குள் தண்ணீர் ஏறக் குழாய் இல்லை. கல்லிடுக்குப் பெரணிக்குக் குழாய் உண்டு, விதை இல்லை. என் மட்டைக்கு விதை உண்டு, அதைப் பொத்தி வைக்கக் கனி இல்லை. பூவும் கனியும் உள்ள தென்னையும் பனையும்தான் முன்வரிசை.

“இது பைன் மரத்துக்குச் சொந்தம்ணே. விதை வெளியே அம்மணமா நிக்கும்.”

“கோயிலாண்ட பேசுற பேச்சா இது!” பிலோமினா தன் மட்டையை முந்தானையால் மூடினாள்.

மனிதர்களை வகை பிரித்து அலுத்துப்போய், படித்தவர்கள் இலைகளிடம் வந்துவிட்டார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சூசையைப் பார்த்தேன். மந்திரித்த ஓலையைக் கட்டுமரத்தில் செருகிக்கொண்டுதான் சூசை மறுநாள் கடலில் இறங்குவான். அது இருந்தால் காற்று ஒன்றும் செய்யாது என்பது நம்பிக்கை. பைன் மரத்தின் உறவுக்காரனை நம்பிப் போய் இவன் திரும்பாவிட்டால்?

“போவாதே மச்சான்.”

“இன்னா மாமா நீ! ஓலைக்கு ஜாதி பாத்துகினு குந்தினா வூட்ல அடுப்பு எரியுமா?”

போய்விட்டான். திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து கரையில் நின்றேன். காற்று ஏறியது. மற்றக் கட்டுமரங்கள் வந்தன. அவன் வரவில்லை. எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்தேன்... பொழுது சாயும்போது வந்தான் — வலை நிறைய மீனோடு!

“ஓலை எங்கடா?” என்று கத்தினேன்.

“அதுவா? காலைல அலை தாண்டுறப்பவே கடல்ல பூட்ச்சு.”

“அப்போ இவ்ளோ காத்துல எதுடா உன்னைக் காப்பாத்திச்சு?”

“துடுப்பு, மாமா.”

நியாயமாக என் மனசு ஆறியிருக்க வேண்டும். துடுப்பு உடைந்தால்...? — இப்போது அந்தக் கவலை!