துடிப்பு பார்க்கும் பனியன்

ஒப்புக்கொள்கிறேன், கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குள் நான் நுழைந்தது ஏசிக் காற்றுக்காகத்தான்.

உள்ளே போனதும் என் வீட்டுக்காரர் ஒரு பனியனிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டார். துணிக்குள்ளேயே கம்பி ஓடுகிறதாம். போட்டுக்கொண்டால் இதயத்துடிப்பைப் போனில் காட்டுமாம். டாக்டர் தினமும் நடக்கச் சொன்ன மனுஷர், இதை மாட்டிக்கொண்டால் நடக்கவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

பனியனைத் திருப்பிப் பார்த்தேன். கம்பியை நேர்கோடாகத் தைத்திருந்தார்கள். நான் ஐந்தாவது தாண்டாதவள். ஆனால் இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன்.

"தம்பி, இழுபடுற துணியில வளைச்சு வளைச்சுத் தைக்கணும். நேராத் தைச்சா துணி நீளும், கம்பி நீளாது. அறுந்துடும்."

கடைக்காரன் வங்காளத்தில் அக்கா போட்டுச் சிரித்தான். "தீதி, இது இன்ஜினியருங்க பண்ணது. பாவாடை இல்ல."

"தெரியுது. பாவாடைன்னா ஒழுங்கா தைச்சிருப்பாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்று இவர் அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் தூக்கினார். உள்ளே டிக்கென்று ஏதோ அறுந்தது.

கடைக்காரன் கையிலிருந்த போன், துடிப்பு பூஜ்யம் என்றது.

பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். இவருக்குத் துடிப்பே இல்லை என்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துடிப்பில்லாதவரை டாலிகஞ்ச் வீடு வரை நடத்தியே கூட்டிவந்தேன். வழியில் இரண்டு சந்தேஷ் இனிப்பு சாப்பிட்டார்.