ஒன்பது முறை எழுதிய பாதை

நிருபர் வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு: செய்தியை அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடும். எழுதியும் ஒன்றும் நடக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக நிருபர்களே, அந்த வசதியை நான் எப்படி இழந்தேன் என்று கேளுங்கள்.

ஒன்பதாவது செய்தி

ஆமத்தூரைத் தாண்டி, எங்கள் ஊரிலிருந்து பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகும் பாதை வெறும் கரிசல் மண். தார்ச்சாலை வேண்டும் என்று எட்டு முறை எழுதியிருந்தேன். ஒரு மழைநாளில் கம்பெனி ஒன்றில் தீப்பிடித்தது. ஆம்புலன்ஸ் சேற்றில் புதைந்து நின்றுவிட, கை வெந்துபோன மாரியம்மாளைப் போர்வையில் கிடத்தி, கூட வேலை பார்த்த பெண்கள் மெயின் ரோடு வரை தூக்கி வந்தார்கள்.

ஒன்பதாவது முறையும் எழுதினேன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது மாரியம்மாள் கட்டுப் போட்ட கையோடு கேட்டார்: "நீங்க எழுதிக்கிட்டே இருக்கீக, தங்கச்சி. ரோட்டை யாரு போடுவா?"

இரு தரப்பும்

வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலையை விட்டுவிட்டு ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றேன். விடிந்ததும் பெண்கள் தூக்குச்சட்டியோடு கம்பெனி வேனுக்காக நிற்பார்கள். வேன் வருவதற்குள் ஓட்டுக் கேட்டு முடிக்க வேண்டும். பாதையைப் பற்றி நன்றாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் இரு தரப்பையும் கேட்டு எழுதிய பழக்கம் விடவில்லை. நிதி வரவில்லை என்று பழைய தலைவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று அவர் பக்கத்தையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் வந்துவிட்ட வேனிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார்: "யக்கா, நீங்க யாருக்குத்தான் ஓட்டு கேக்குறீக?"

மிஞ்சிய வரி

நோட்டீஸ் அடிக்க சிவகாசிக்குப் போனேன். அச்சக அண்ணாச்சி எல்லா வேட்பாளருக்கும் போடும் வாக்குறுதிகளையே எனக்கும் போட்டு வைத்திருந்தார். புரூஃப் பார்த்த கை சும்மா இருக்குமா? செய்ய முடியுமென்று உறுதியில்லாததையெல்லாம் அடித்துத் தள்ளினேன். கம்பெனிப் பாதைக்குத் தார் போடுவேன் என்ற ஒரே வரி மிஞ்சியது. அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: "இதையும் செய்யலேன்னா நீங்க ஒளியக்கூட இடமில்லையேம்மா."

பரிசீலனை

அந்த ஒரு வரிக்கே ஜெயித்தேன். ஆனால் பாதைக் கோப்பு ஒன்றிய அலுவலகத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. முன்பு பத்திரிகையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்வம், பாதை என்னாயிற்று என்று போனில் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். "யக்கா, இந்தப் பதிலைச் சொன்ன ஆளுகளை நீங்க சும்மா விட்டதே இல்லையே."

திங்கட்கிழமை

சுரீரென்றது. அதன் பிறகு திங்கள்தோறும் பழைய குறிப்பேட்டோடு ஒன்றிய அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன தேதியில் முடியும், எழுதிக்கொள்கிறேன் என்பதைத் தவிர வேறு பேசவில்லை. சொன்ன தேதி தவறினால் அடுத்த திங்கள் அதை வாசித்துக் காட்டினேன். குறிப்பேடு நிரம்புவதற்குள் ரோடு ரோலர் ஊருக்கு வந்துவிட்டது.

தார் ஆறியதும் மாரியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். மடங்காத விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கேட்டார்: "சரி தங்கச்சி, இப்ப இதைப் பேப்பர்ல யாரு எழுதுவா?"

சாலை இல்லை என்று நான் எழுதிய ஒன்பது செய்திகளும் அச்சில் வந்தன. சாலை வந்துவிட்டது என்று எழுதி அனுப்பிய பத்தாவதை மட்டும், விளம்பரப் பிரிவில் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.