தேதி இல்லாத சட்டம்

என் அக்கா மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தையல் ஆலையில் என் பக்கத்து மிஷினில் காலர் தைத்தவள். நான் இன்றைக்கும் அங்கேதான் தைக்கிறேன். மேடையில் அவளைப் புகழ்கிறவர்களைவிட எனக்கு அவளை நன்றாகத் தெரியும். கோபமும் எனக்குத்தான் அதிகம்.

எங்கள் ஆலையில் ஷிப்ட் தொடங்கியதும் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். துணி திருட்டுப் போகிறதாம்! இருநூறு பெண்கள் உள்ளே, சாவி வாட்ச்மேன் இடுப்பில். ஒருநாள் கர்ப்பிணி ஒருத்திக்கு வலி வந்து, சாவி வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. அன்றைக்கு மேனேஜரின் மேஜையைத் தட்டிக் கேட்டவள் அக்கா. மறுநாளே வேலை போயிற்று. சங்கம், ஊர்வலம், சிறை, அப்புறம் தேர்தல். 'பூட்டக்கா' என்றுதான் ஓட்டு விழுந்தது.

வேலை நேரத்தில் கதவைப் பூட்டினால் முதலாளிக்குச் சிறை என்று மசோதா எழுதினாள். இரண்டு தவணை எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். மூன்றாவது முறை அவள் கட்சியே ஆட்சிக்கு வந்தது, அதுவும் சபையில் ஒற்றை ஓட்டு வித்தியாசத்தில். வாக்கெடுப்புக்கு முந்தின நாள் கொறடா வீட்டுக்கே வந்தார். கட்சி உறுப்பினர்களை ஆடு மாதிரி எண்ணி ஓட்டுப் போட வைப்பது அவர் வேலை.

"மசோதா அப்படியே இருக்கட்டும்மா. 'அரசு அறிவிக்கும் நாளிலிருந்து அமல்'னு கடைசியில ஒரு வரி மட்டும் சேத்துக்கலாம். எல்லாச் சட்டத்துலயும் இருக்கறதுதான்."

"எந்த நாளுன்னு இப்பவே போட்டா என்ன?" என்றேன் நான்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றாள் அக்கா. திருத்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு ஓட்டுகூட எதிராக விழவில்லை. முதலாளிகளின் ஆட்களும் மேஜையைத் தட்டினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நாள் வரவே இல்லை. மூன்று வருஷம்! கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது'. அக்கா மனு கொடுத்தாள், நினைவூட்டல் கொடுத்தாள், சிரித்த முகமாக அமைச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சண்டை போடுக்கா" என்பேன்.

"நம்ம ஆட்சிடி. நாமளே கவுத்துட்டா எப்படி?"

"நம்ம ஆட்சின்னா, பூட்டுனா மூச்சு முட்டாதா?"

போன மாதம் அயர்ன் பண்ணும் இடத்தில் வயர் பற்றிக்கொண்டது. ஒரே புகை. கதவில் பூட்டு. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். ஜன்னல் கம்பியை நெம்பி நாங்கள் வெளியே விழுந்தோம். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பட்டன் தைக்கிறவள் வரவில்லை. முப்பத்தொரு வயசு, பாவி மகள்.

"பூட்டினது குத்தமில்லையா சார்?" என்று ஆஸ்பத்திரியில் என்னை விசாரிக்க வந்த தொழிலாளர் துறை அதிகாரியைக் கேட்டேன்.

"சட்டம் இருக்கும்மா. அமலுக்குத்தான் வரல."

அக்கா ஆஸ்பத்திரிக்கு ராஜினாமா கடிதத்தோடு வந்தாள். வாங்கிக் கிழித்துப் போட்டேன். "நாளைக்கு பட்ஜெட் ஓட்டெடுப்புதானே? நீ கை தூக்கலன்னா ஆட்சி நிக்காது. போய்ச் சொல்லு!" என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்து என்னை அடக்கினாள்.

அன்று மாலையே திரும்பி வந்தாள். கையில் அரசிதழ். நாளையிலிருந்து அமல்.

"நாலு மணிக்குச் சொன்னேன். ஆறு மணிக்கு அச்சாயிடுச்சு. அடுத்த தடவை சீட்டு கிடையாதுன்னுட்டாங்க. போகட்டும்."

சீட்டாவது மண்ணாவது! "ரெண்டு மணி நேர வேலை. மூணு வருஷமா அந்த ஓட்டு உன் கையிலதானேக்கா இருந்துச்சு?" என்றேன்.

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமாடி" என்றாள்.