பழுக்காத புரை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். மற்றவர்கள் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள் போல! அக்காவின் கண்ணைக் காட்ட மதுரைக்குப் போயிருந்தேன். அந்த அலுப்பு இன்னும் தீரவில்லை...

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஜெயமங்கலத்தில் மகனோடு இருக்கிறாள். தை மாதம் நான் போனபோது அவள் வாயில் வெற்றிலை இல்லை. வெற்றிலை போடாத அக்காவை நான் பார்த்ததே கிடையாது.

"மென்னா தாடை அசந்து போகுது தம்பி" என்றாள்.

பழக்கம் விட்டது என்று வீடே சந்தோஷப்பட்டது. தலையில் சீப்பு வைக்கவும் விடவில்லை, தொட்டாலே வலிக்கிறதாம். அதைப் பிடிவாதம் என்றார்கள். பிறகு வலது கண்ணில் திரை விழுந்த மாதிரி சற்று நேரம் இருட்டும், தானே விலகும். இதற்கு மட்டும் ஒரு பெயர் கிடைத்தது — புரை.

"பழுக்கட்டும்னு எல்லாரும் சொல்றாக மாமா. பழுத்ததும் மதுரையில போயி எடுத்துருவோம்" என்றான் அவள் மகன்.

நம் பக்கம் புரை என்றால் வாழைத்தார் மாதிரிதானே? காத்திருந்தோம். ஒருநாள் காலையில் விழுந்த திரை விலகவே இல்லை.

மதுரை டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, "மெல்லும்போது தாடை வலிச்சுதாம்மா?" என்று கேட்டார். கண் டாக்டருக்குத் தாடையில் என்ன வேலை? அவர் விரல் அக்காவின் நெற்றிப்பொட்டைத் தடவியது. அங்கே ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்திருந்தது.

என்னைத் தனியே அழைத்தார். "புரை இல்லை. வயசானவங்களுக்கு ரத்தக்குழாய் அழன்று வீங்குற வியாதி. கண்ணுக்கு ரத்தம் போகலை. போன பார்வை வராது. அடுத்த கண்ணும் போகலாம். மருந்து தர்றேன், ஆனா அந்தக் கண்ணைக் காப்பாத்தும்னு உறுதி சொல்ல முடியாது."

தாடை, தலை, கண் — எல்லாம் ஒரே வியாதி. நாங்கள் எல்லாவற்றையும் வயசு, வயசு என்றே தள்ளிக்கொண்டிருந்தோம். வயதானவர்கள் எதைச் சொன்னாலும் நமக்கு இந்த ஒரே பதில்தான். எனக்கும் அந்த வயது நெருங்குகிறது, பயமாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அவளை இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டாக்டர் சொன்னதை அவளிடம் மறைக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"குச்சனூர் கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை போயிட்டு வருவோம்க்கா... எல்லாம் சரியாயிரும்..."

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"ஏலே, பேச்சை எப்ப வேணாலும் கேட்டுக்கிறலாம். சும்மா வா, பாத்துக்கிட்டு வாரேன்."